பழம்பெயரும் புதுப்பொருளும்

சிவபெருமான் பெயரைத் தாங்கிய சிவகிரிக்கு மேற்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடர், தெற்கு நோக்கி நீண்டு, குமரிக்கு அணித்தாக மகேந்திரகிரி என்னும் பெயர் பெறுகின்றது. சீதையைத் தேடிச் சென்ற அனுமன் கடல் கடக்கத் தாவியது மகேந்திர மலையினின்று என்பது இராமகாதை. அப்பெயருடைய இம்மலையின் அடிவாரத்தில்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ராக்கெட்டுப் பொறிகளை எரியூட்டிச் சோதிக்கின்றனர். பெயரும் தொழிலும் இத்துணைப் பொருந்துவது அரிது.

கிரேக்கப் பழங்கதைப் பெயர்களும் இவ்வாறே புதுவாழ்வு பெற்றுள்ளன. 1969-இல் மாந்தரைத் திங்களில் இறக்கிய அமெரிக்கத் திட்டத்திற்குக் கதிர்க்கடவுளாகிய அப்போலோவின் பெயரை வைத்தனர். திங்களுக்குச் செல்லக் கதிரவன் பெயரா என்று வினவத் தோன்றும்! அக்குறையை நீக்குவார்போல, பின்னைத் திட்டத்திற்கு அவனுடன் பிறந்த நிலவுத் தெய்வமாகிய ஆர்ட்டெமிசின் பெயரைச் சூட்டினர். அத்திட்டத்தின் முதற்கலம் 2022-இல் ஆளின்றிச் சென்று, நிலவை அணுகி மீண்டது.

மண்ணுக்குள்ளும் அப்பெயர்கள் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டு என்னும் தாது கிடைக்கின்றது. அதிலுள்ள உலோகத்திற்கு, நிலமகளின் மைந்தராகிய டைட்டன்களை நினைந்து, டைட்டானியம் என்று 1795-இல் பெயரிட்டார் செருமானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத்து. தேவரோடு பொருது தோற்றுப் பாதாளத்தில் அடைபட்டவர் அம்மைந்தர். இன்று வீட்டுச் சுவரில் பூசும் வெண்ணிறப் பூச்சுகளுக்கு வெண்மை தருவது அவ்வுலோகத்தின் ஆக்சைடே.