பெற்றோமக்ஸும் கடலோர மணலும்

மின்சாரக் கம்பிகள் காரைதீவின் ஒழுங்கைகள்தோறும் வந்து சேர்வதற்கு முந்திய காலத்தில், கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கும், அயலூர்களாகிய சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இரவிரவாக நிகழ்ந்த கலியாணங்களும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கந்தூரியும், விடியும்வரை ஆடிய கூத்துக் களரிகளும், யாவும் ஒரே வகையான வெண்ணிற ஒளியின் கீழேயே நடந்தேறின என்பதை இக்கரையில் வயது முதிர்ந்த எவரும் எடுத்துச் சொல்லுவர். சீறிக்கொண்டு எரியும் அந்தப் பெற்றோமக்ஸ் விளக்கை ஜேர்மன் சாமான் என்று மதித்து வாங்கியவர்கள் பிழையாக ஒன்றும் எண்ணிவிடவில்லை. ஆயினும், அதன் நடுவே தொங்கிய விரற்கடை அளவான மாண்டிலுக்கு ஒளிவிடும் சக்தியைக் கொடுத்த மூலப்பொருளின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அது நம்மை பேர்லின் நகரத்தினின்றும் திருப்பி, தென்திருவிதாங்கூரின் கடற்கரைக்கும் நமது சபரகமுவ மலைச்சாரலுக்கும் அழைத்து வந்துவிடுகிறது.

பேர்லினில் 1866ஆம் ஆண்டில் எமில் ஏரிஷ், அல்பேர்ட் கிறெற்ஸ் என்னும் இருவர் கூட்டாக ஒரு விளக்குத் தொழிற்சாலையை நிறுவினர். திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்குகளே ஆரம்பத்தில் அவர்களுடைய வியாபாரம். அல்பேர்ட்டின் புதல்வர் மக்ஸ் கிறெற்ஸ் பொறுப்பேற்ற பின்னர், 1910ஆம் ஆண்டளவில், எண்ணெயைத் திரியால் உறிஞ்சி எரிப்பதை விடுத்து, காற்றின் அமுக்கத்தால் மேலே தள்ளி, ஆவியாக்கி எரிக்கும் விளக்கு உருவாயிற்று. பெற்றோலியத்தோடு அவரது பெயரும் சேர்ந்து அதற்குப் பெயராயிற்று. எனினும் நீதி முறையிற் பார்த்தால், இவ்விளக்கின் உயிர்நிலையைக் கண்டுபிடித்த கீர்த்தி கிறெற்ஸுக்கு உரியதன்று. வியன்னாவில் 1858இற் பிறந்த கார்ல் அவுவர் என்னும் இரசாயன அறிஞருக்கே அது உரியது.

ஹைடல்பேர்க் சர்வகலாசாலையிற் புகழ்பெற்ற புன்சனிடம் கற்ற அவுவர், அருமண் உலோகங்களின் உப்புக் கரைசல்களிற் பஞ்சுநூலைத் தோய்த்துச் சுவாலையிற் காட்டியபோது, நூல் எரிந்தொழிந்த பின்னும் அதன் வடிவிலேயே ஒரு சாம்பற் கூடு எஞ்சிநின்று பிரகாசிப்பதைக் கவனித்தார். அதைக்கொண்டு 1885இற் காப்புரிமை பெற்று, அற்ஸ்கெர்ஸ்டோர்வ் என்ற இடத்தில் ஆலையும் அமைத்தார். மக்னீசியம், லந்தனம், இத்திரியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளாலான அந்த முதல் மாண்டில் பச்சை படர்ந்த வெளிச்சத்தையே தந்தது. எளிதில் நொறுங்கியும் போயிற்று. சனங்கள் அதை விரும்பவில்லை. 1889இல் ஆலை மூடப்பட்டது. வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். அவுவரோ மீண்டும் ஆய்வுகூடத்துள் நுழைந்து, கலவையின் விகிதத்தைப் பலவாறு மாற்றிப் பரீட்சித்து, தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கும் என்னும் அபூர்வமான அளவைக் கண்டடைந்தார். 1891இல் அப்புதிய மாண்டில் வியன்னாவில் விற்பனைக்கு வந்தது. விஞ்ஞான சரித்திரத்தில் இதனினும் ஆரவாரமான வெற்றிகள் பல உண்டு. ஆனால், தோற்றுப்போன ஒரு யோசனையை இத்துணைப் பொறுமையோடு திருத்திய உதாரணங்கள் சிலவே என்பது என் துணிபு.

அந்த ஒரு பங்கின் இரகசியம் யாது? தோரியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 3,300 பாகை செல்சியசு வரை உருகாதது. சுவாலையின் உஷ்ணத்தை வெப்பக் கதிர்களாக வீணே வெளியேற்றாது தாங்கிநிற்பது. தனியே நின்றால் மங்கலாகவே ஒளிவிடும். சீரியமோ கட்புலனாகும் ஒளியை நன்கு காலுவது. அளவு மிகுந்தாலோ வெப்பத்தையும் அள்ளி வீசி, மாண்டிலைக் குளிரச் செய்து, ஒளியையும் கெடுத்துவிடுவது. ஒன்று சூட்டைக் காக்க, மற்றது ஒளியை உமிழ, இரண்டும் இசைந்து தொழிற்படும் எல்லை அந்த ஒரு பங்கிலேயே இருக்கிறது.

விளக்கைப் பற்றவைப்பதே ஒரு சிறு இரசாயனப் பாடமாகும். புதிய மாண்டிலை மண் மூக்கிற் சுற்றிக் கட்டியபின், ஆவிக்குழாயின் அடியிலுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட்டு வார்த்துத் தீமூட்டி, குழாய் நன்றாகச் சூடேறும் வரை காத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டவர்களுக்கு ஆவிக்குப் பதிலாக எண்ணெயே வந்து, புகையும் மஞ்சட் சுவாலையும் கூரை வரை எழும். குழாய் சூடேறியதும் காற்றுத் திருகாணியை இறுக்கிக் காற்றடித்தால், தாங்கியிலுள்ள எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, ஊசித்துவாரத்தினூடு பீறிட்டு, காற்றோடு கலந்து, மாண்டிலுக்குள் நீலச்சுவாலையாய் எரியத் தொடங்கும். நூல் கருகிச் சுருங்கி வெளுத்த பின்னர் எஞ்சுவது வெறும் ஒட்சைட்டுக் கூடே. சிறு தட்டலுக்கும் அது உதிர்ந்துவிடும் என்பதாலேதான் பெற்றோமக்ஸ் சுமப்பவர் ஊர்வலத்தில் அடிமேல் அடிவைத்து நடந்தார். ஐந்நூறு மெழுகுதிரிகளின் ஒளி என்று கணிக்கப்பட்ட பெரிய விளக்கு, ஏறக்குறைய ஒரு லீற்றர் எண்ணெயில் எட்டு மணித்தியாலம் எரியும்.

இனி மணலுக்கு வருவோம். தோரியம் மொனசைற்று என்னும் கனியத்திற் கிடைப்பது. அக்கனியத்துக்காக மாண்டில் ஆலைகள் முதலில் அமெரிக்காவின் கரோலினாப் பகுதியையும் பின்னர் பிறேசிலின் கடற்கரையையும் நம்பியிருந்தன. 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுத் தும்பில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பேர்க் என்னும் ஜேர்மனியர், அதில் மொனசைற்று இருப்பதை அறிந்து, அது வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக் கரையை அடைந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, நமது நாட்டின் பலாங்கொடைப் பகுதிச் சரளை மணலிலிருந்து, முக்காற்பங்குக்கு அணித்தாகத் தோரியம் ஒட்சைட்டையே கொண்ட ஒரு கருநிறக் கனியம் உலகுக்கு அறிமுகமாயிற்று. தோரியனைற்று என்று பெயரிடப்பட்ட அதன் ஆராய்ச்சியிற் பங்குகொண்டவர், அப்போது இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. சிற்பத்தையும் நடனத்தையும் உலகுக்கு விளக்கிய கலாயோகியென்றே தமிழர் அறிந்துள்ள அவர், இளமையில் பாறைகளையும் மணிகளையும் ஆராய்ந்த பூகர்ப்ப விஞ்ஞானி என்பது நம் பாடநூல்களிற் போதிய இடம் பெறாதது வருந்தத்தக்கது. அந்த இலங்கைத் தோரியனைற்றைக் கொண்டே, 1905இல் இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில், ஒட்டோ ஹான் கதிர்த்தோரியம் என்ற புதிய பொருளைக் கண்டறிந்தார்.

மின்குமிழ் வந்து மாண்டிலை வீழ்த்தியதிலும் அவுவருக்குப் பங்குண்டு. ஒஸ்மியம் என்னும் உலோகத்தால் மின்விளக்குக்கு இழை செய்தவரும் அவரே. ஒஸ்றாம் என்ற பெயரிற் பாதி அதிலிருந்து வந்தது. கிறெற்ஸ் நிறுவனம் இரண்டாம் மகாயுத்தத்தின் பின் மேற்கு ஜேர்மனியின் அல்ரெனா நகரில் மீண்டெழுந்து, விளக்கோடு வானொலிப் பெட்டிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் செய்தது. தோரியம் கதிரியக்கமுடையது என்ற காரணத்தால், இக்காலத்து மாண்டில்கள் பலவற்றில் அதன் இடத்தை இத்திரியம் பெற்றுவிட்டது. ஆயினும் மணல் ஓய்ந்துவிடவில்லை: நமது கிழக்குக்கரையின் வடபாகத்திலுள்ள புல்மோட்டையில் 1957இல் ஆரம்பிக்கப்பட்ட அரச நிறுவனத்தின் வழியே கருமணல் அகழப்பட்டு, இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் என்பன பிரித்தெடுக்கப்படுகின்றன, அம்மணலோடு சிறிதளவு மொனசைற்றும் கலந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்த விபுலாநந்த அடிகளாரைப் பெற்றெடுத்த ஊர் இது. ஆகவே, காரைதீவு, கல்முனை, நிந்தவூர்ப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுண்டு. பரண்களிற் கறள்பிடித்துக் கிடக்கும் பெற்றோமக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, துலக்கித் திருத்தி, காற்றோட்டமுள்ள மண்டபத்தில் ஒருமுறை மாணவர் முன்னிலையில் எரித்துக் காட்டுங்கள்; அமுக்கம், ஆவியாதல், தகனம், ஒளிர்வு ஆகிய நான்கும் ஒரே பாடவேளையிற் கண்முன் நிற்கும். தோரியமில்லாத புதிய மாண்டிலையே இடுங்கள். பழையதாயின் அதன் சாம்பலை ஊதாது, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து அப்புறப்படுத்துங்கள்.