இரவல் சுவரும் சொந்த அழகும்

இவ்விதழைக் கையிலெடுக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவை வாடகை வீட்டிலோ, இரயில்வே குடியிருப்பிலோ, தேயிலைத் தோட்டத்து லயத்திலோ வாழ்பவை. சுவர் பிறருடையது, கூரையும் பிறருடையது. இந்நிலையில் வீட்டு அலங்காரம் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் நகைப்பர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் சொந்த வீடுடையோரைக் காட்டிலும் நமக்கே இவ்விஷயம் மிகுதியும் வேண்டுவது. இரவல் சுவருக்குள் ஒரு வீட்டை நம்முடையதாக்குவன, அங்கே நாம் வைக்கும் பொருள்களும் வைக்கும் முறையுமே அன்றோ?

இந்நாளில் அலங்காரம் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மாதத் தவணையில் சோபா, கண்ணாடிக் கதவிட்ட ஷோகேஸ், அதனுள் பிளாஸ்டிக் ரோஜாக்கள். கைபேசியில் காணும் படங்களைப் பார்த்தே கூடத்தை அமைப்போரும் உளர். விளைவு யாது? ஒலவக்கோட்டு வீட்டிற்கும் கோயம்புத்தூர் வீட்டிற்கும் வேறுபாடு தோன்றுவதில்லை. எல்லாம் ஒரே கடையின் கிளைகள்போல் காட்சியளிக்கின்றன.

நம் ஊரிலேயே இதற்கு மாறான சான்று உண்டு. கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயில் 1425ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர். அதனைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் குடியேறியோர் தமிழகத்திலிருந்து வந்தோரே. நம்மைப் போலவே புலம்பெயர்ந்தோர். அவர்தம் வீடுகளை உற்று நோக்குக. அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவரால் ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் சன்னலுக்கு இடமில்லை. ஆகவே வெளிச்சம் முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்குகிறது. தெருவோடு உறவாடத் திண்ணை, அதன்பின் ரேழி, உள்ளே கூடம். இவ்வமைப்பைத் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தனர். ஆனால் கேரளத்துப் பெருமழைக்கேற்பச் சரிந்த ஓட்டுக் கூரையை ஏற்றனர். கொண்டுவந்ததும் வந்த இடம் கேட்டதும் கலந்தபோது பிறந்ததே கல்பாத்தியின் பாணி. எவரும் அதனைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

நம் பாணியையும் இவ்விரு வினாக்களைக் கொண்டே காணலாம்: நாம் எதைக் கொண்டுவந்தோம்? இந்த இடம் எதைக் கேட்கிறது?

முதல் வினாவிற்கு விடை காண எளிய வழி ஒன்றுண்டு. மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரயில்வே ஊழியராகிய நமக்கு இவ்வெண்ணம் எளிதில் வரும்! லாரியில் முதலில் பத்திரமாகக் கட்டி ஏற்றும் பொருள்கள் யாவை? பாட்டியின் பித்தளைக் குடம், திருமணப் புகைப்படம், குத்துவிளக்கு, பத்தமடைப் பாய், புத்தகக் கட்டு எனச் சில தேறும். மும்முறை ஊர் மாறியும் கைவிடப்படாத பொருள்களே உங்கள் இரசனையின் அடையாளங்கள். ஆனால் பல வீடுகளில் இவையெல்லாம் பரணில் கிடக்க, தவணைப் பொருள்களே கூடத்தை ஆள்கின்றன. ஒருநாள் கூடத்தை முற்றும் காலி செய்யுங்கள். பரணில் உள்ளவற்றை இறக்கித் துலக்கி, அவற்றை முதலில் வையுங்கள். மற்றவை பிறகு, இடமிருந்தால்.

இரண்டாம் வினா தட்பவெப்பம் பற்றியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோடையில் வீசும் உலர்காற்று தூசியையும் வெப்பத்தையும் சுமந்து வருவது. அங்கே கனத்த திரைச்சீலையும் வெல்வெட்டு உறையும் வேதனையே தரும். சுண்ணாம்புச் சுவர், கோரைப்பாய், வெளிர்நிறப் பருத்தித் துணி, காற்று தடையின்றிச் செல்லும் வழி ஆகியனவே அழகு. பழைய சுங்கடிப் புடவையொன்று நல்ல திரைச்சீலையாகும். மூணாறோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. மழையும் மூடுபனியும் மிகுந்தது. அங்கே புகைப்படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பூஞ்சை படரும். சட்டத்தின் பின்னே சிறு மரத்துண்டு வைத்துச் சற்று விலக்கி மாட்டல் வேண்டும். வெளிர்நிறங்கள் மூடுபனியில் சோர்ந்து தோன்றும். மஞ்சளும் செங்காவியும் அறைக்கு வெம்மை ஊட்டும்.

லயத்து வீடுகளில் நாம் கண்டு வியந்தது பாத்திர அடுக்கு. சிற்றறையின் பலகையில் எவர்சில்வர் தட்டுகளும் குடங்களும் பளபளவென வரிசையாக நிற்கும். சிறிய சன்னல் வழி வரும் வெளிச்சத்தை அவை வாங்கி அறைக்குத் திருப்பித் தருகின்றன. இதனைக் கண்டு ‘நாகரிகமில்லை’ எனும் இளைஞர் சிலர், கண்ணாடிச் சில்லுகள் பதித்த அலங்காரத் தட்டை விலைக்கு வாங்கி மாட்டுவதேனோ?

லயம் பற்றிப் பேசுகையில் ஒன்றை மறைத்தல் தகாது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேரை இழந்தோம். ஆதலின் சுவரில் விரிசலோ ஊறிய ஈரமோ காணப்படின், அதன்மேல் வண்ணத்தாள் ஒட்டி மறைத்தல் கூடாது. தோட்ட நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலைக் கையில் வைத்துக்கொள்க. நில ஆவணங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் ஒரே பெட்டியில், வாயிலருகே இருத்தல் நலம். பணி ஓய்வு பெற்றால் லயத்தை விட்டு நீங்க வேண்டியவர்கள், சுவரில் செலவிடும் பணத்தைப் பெட்டியிலும் பாயிலும் செலவிடுவதே அறிவுடைமை.

இங்கிலாந்தில் 1917இல் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் நிலைபெறுமுன் 1960களில் இடுக்கியின் வாகமண்ணில் வாழ்ந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டே வீடு அமைய வேண்டுமெனக் காந்தியடிகள் கூறிய கருத்து தம்மை ஆட்கொண்டது என்பார் அவர். பழைய வீடுகளில் கழித்த கதவு சன்னல்களையும் அவர் விரும்பிப் பயன்படுத்தினார். வீடு கட்ட வழியில்லாத நாமும் அவ்வழியைப் பின்பற்றலாம். பாலக்காட்டில் பனைக்குப் பஞ்சமில்லை. சித்தூர்ப் பக்கத்துப் பனையோலைக் கூடையும் முறமும் தூக்கி எறியத்தக்கன அல்ல. மூணாற்றுக்காரர்க்கு மூங்கில் உண்டு.

எம் வீடு தமிழ் வீடா, மலையாள வீடா எனப் பிள்ளைகள் கேட்பதுண்டு. தமிழ்நாட்டுக் குத்துவிளக்கின் பக்கத்தில் கேரளத்து நிலவிளக்கு நிற்கட்டும். மார்கழியில் அரிசிமாக் கோலமிடும் அதே வாசற்படியில் ஆவணித் திருவோணத்திற்குப் பூக்களமும் இடலாம். இவ்விரண்டையும் ஓர் எல்லைப்புறக் குடும்பமே இயல்பாகச் செய்ய இயலும். சென்னைக் கடை எதிலும் இது கிடையாது.

ஆணி அடிக்க உடைமையாளர் இசையாத வீடுகளுக்கு ஓர் யோசனை. எட்டுச் செங்கற்களும் மூன்று பலகைகளும் போதும். பலகைக்கிடையே பக்கத்திற்கு இரண்டாகச் செங்கல்லை அடுக்கினால் மூன்றடுக்குத் தட்டு உருவாகும். கனமான பொருள்கள் கீழே இருக்கட்டும். புறப்படும் நாளில் செங்கல்லை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் பலகைகளை மட்டும் கட்டி எடுத்துச் செல்லலாம்.