காவல் நிலையத்தைக் கண்காணிப்பது யார்?

தெருவில் சங்கிலிப் பறிப்பு நடந்தால் வார்டு கவுன்சிலரிடம் போய் முறையிடுகிறோம். அவரும் ஸ்டேஷனுக்கு போன் போடுகிறார். அதற்கு மேல் சட்டப்படி அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நகராட்சித் தலைவருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இதே நிலைதான். குடிநீரும் தெருவிளக்கும் உள்ளாட்சியின் பொறுப்பு. காவல் துறையோ அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநில அரசின் பொறுப்பு. உங்கள் ஊர் நிலையத்துக்கு எத்தனை காவலர், எத்தனை வண்டி என்பதெல்லாம் சென்னையில் முடிவாகிறது.

அந்தச் செலவுக்கு ஒப்புதல் தருவது சட்டப்பேரவை. காவல் துறைக்கான 22ஆம் எண் மானியக் கோரிக்கையுடன் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். பணியிடங்கள், குற்ற வழக்குகள், சாலை விபத்துகள் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. இணையத்தில் யாரும் படிக்கலாம். ஆனால் அது மாநிலத்தின் கணக்கு. நம் ஊர் நிலையத்தில் எத்தனை இடம் காலி, எத்தனை புகார் கிடப்பில் என்று அதில் தேடினால் கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

சாலைப் பாதுகாப்பில் மட்டும் மாவட்ட அளவில் ஒரு மேடை இருக்கிறது. அதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012இல் அவர் தொடுத்த பொதுநல வழக்கில்தான், மாவட்டம்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கும்படி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆட்சியர் தலைமையில் காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறை அதிகாரிகள் அதில் கூடுகிறார்கள். 2023இல் தமிழ்நாட்டில் 67,213 விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 18,347 பேர். ஒரு வளைவில் மூன்று பேர் செத்த பிறகும் அங்கே விளக்கோ வேகத்தடையோ வரவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் இந்தக் குழுதான். கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பினால் அது எழுத்தில் நிற்கும்.

காவலர் மீதே புகார் என்றால் எங்கே போவது? ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. காவல் புகார் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கேரளத்தின் 2011ஆம் ஆண்டுக் காவல் சட்டம் நீதிபதிகளையே தலைவர்களாக வைத்தது.

தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் வேறு வழியில் போனது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்பி உறுப்பினர். எஸ்பியின் கீழ் வேலை பார்க்கும் இன்ஸ்பெக்டர் மீதான புகாரை எஸ்பியும் உட்கார்ந்து விசாரிப்பார் என்றால், அடிபட்டவர் எந்த நம்பிக்கையில் அந்தப் படியேறுவார்?

சாத்தான்குளம் காவல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அந்த நிலையத்தில் போலீஸ் காவலில் இருந்தார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் கேமராப் பதிவைக் கேட்டபோது எதுவுமில்லை. ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது. நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது இயலாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் புகாரை எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதெல்லாம் தனி மனிதர் முட்டி மோதிப் பெறும் நியாயம். புகார் ஆணையத்தின் தலைமைப் பொறுப்பு ஒரு நீதிபதியிடம் வர வேண்டுமானால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்எல்ஏ ஊருக்கு வரும்போது புதிய ஸ்டேஷன் கட்டடத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.