வேகம் சரியாக இருக்கிறது, பதில் ஏன் தாமதமாக வருகிறது?

புதன்கிழமை இரவு 8 மணிக்கு, அம்பாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து படிவம் 5 மாணவர்கள் ஆறு பேருக்கு இணையம்வழி இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அந்த வகுப்பில் ஒரு மாணவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் கேள்வி கேட்பேன், அவள் பெயரைச் சொல்வேன், பதில் இருக்காது. சரி, தெரியவில்லை போலும் என்று அடுத்தவரிடம் போவேன். அப்போதுதான் அவள் குரல் வந்து என் குரலோடு மோதும். ஒருமுறை, "தூங்கிட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மறுவாரம் பள்ளியில் என்னிடம் வந்து, "டீச்சர், நான் உடனேதான் பதில் சொல்றேன். உங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குதா?" என்றாள். அவள் சொன்னது உண்மை. தாமதம் அவள் வீட்டில் இல்லை, என் வீட்டில் இருந்தது.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் நாம் எல்லாரும் முதலில் செய்வது வேகச் சோதனைதான். நானும் செய்தேன். பதிவிறக்கம் வினாடிக்கு 100 மெகாபிட், பதிவேற்றம் 10 மெகாபிட். பணம் கட்டும் வேகம் அப்படியே வந்தது. அங்கேதான் ஏமாந்தேன். வேகம் என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போகிறது என்ற கணக்கு. ஒரு தரவுப் பொட்டலம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு கணக்கு. விளையாட்டுப் பிள்ளைகள் 'பிங்' என்றும் 'லேக்' என்றும் சொல்வது இந்த இரண்டாவது கணக்கைத்தான். ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கும் பிங் நிரலை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

வகுப்பு நடக்கும்போது நான் அளந்தபோது பிங் 780 மில்லிவினாடியைத் தொட்டது. படிவம் 4 பாடத்தில் வரும் ஒளிவிலகலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கிலோமீட்டர், போய்வர 3 மில்லிவினாடி போதும். சென்னைக்குப் போய்வர 26 அளவில் ஆகலாம். கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் கூடும், அவ்வளவுதான். ஆனால் 800 மில்லிவினாடியில் ஒளி இழைக்குள் 160,000 கிலோமீட்டர் ஓடிவிடும். பூமியை நான்கு முறை சுற்றிவிடலாம்! என் மாணவி இருப்பதோ பாண்டான் இண்டாவில். ஆக, பொட்டலம் தூரத்தால் தாமதிக்கவில்லை, எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

எங்கே? ரௌட்டருக்குள் அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்குள். மாமாக் கடையில் ஒருவர் நாற்பது ரொட்டி சானாய் பொட்டலம் கேட்டுவிட்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் நீங்கள் ஒரே ஒரு தே தாரேக்குக்காக நிற்கிறீர்கள். கடைக்காரரின் கை வேகத்தில் குறை இல்லை, ஆனால் நாற்பதும் முடிந்த பிறகுதான் உங்கள் முறை வரும். என் வீட்டில் அந்த நாற்பது ரொட்டிக்காரர் என் கணவரின் கைப்பேசி. விளையாட்டுப் போட்டிப் படங்களும் காணொளிகளும் 4 கிகாபைட், மேகச் சேமிப்புக்குத் தானாகவே ஏறிக்கொண்டிருந்தன. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அது முடிய 53 நிமிடம் ஆகும். கிட்டத்தட்ட என் வகுப்பு முழுவதும்.

அனுப்ப முடியாத பொட்டலங்களைப் பெட்டி தன் நினைவகத்தில் வரிசையாக வைத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். பஃபர் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அது நிரம்பியிருந்தால், வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் காலியாக 0.8 வினாடி வேண்டும். என் கேள்வி அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. அவள் அதை முக்கால் வினாடி தாமதமாகக் கேட்டு உடனே பதில் சொன்னாள். அதற்குள் நான் அடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டேன். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நாங்கள் அதைப் போல ஐந்து மடங்கில் இருந்தோம்.

இதே தொல்லை என்னைவிடப் பெரிய ஆள்களுக்கும் வந்திருக்கிறது. இணையத்தின் எச்டிடிபி 1.1 விதிகளைத் தொகுத்தவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் தாமதம் ஒரு வினாடியைத் தாண்டுவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தபோது, ரௌட்டர், மோடம், கணினி என எல்லாவற்றிலும் தேவைக்கு மேல் பஃபர் இருந்தது. நினைவகம் மலிவானதால் தயாரிப்பாளர்கள் அள்ளிப் போட்டிருந்தார்கள். இதற்கு அவர் பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். தமிழில் தேக்க வீக்கம் எனலாம்.

பஃபர் பெரிதாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். 1986இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தூரத்தில், இணைப்பு வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் ஒரு வழி சொன்னார்: பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்பும் கணினி வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றும் பெரும்பாலான கணினிகள் ஏதோ ஒரு வகையில் அந்தக் குணத்தோடுதான் இருக்கின்றன. பஃபர் மிகப் பெரிதானால் எதுவுமே தொலையாது. எதுவும் தொலையாததால் அனுப்புபவர் நிறுத்தமாட்டார். வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

அதே ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிவினாடி காலம் தொடர்ந்து 5 மில்லிவினாடிக்கு மேலேயே இருந்தால், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு, மெதுவாகப் போ என்று சைகை காட்டுகிறது. இதோடு ஆளுக்கொரு வரிசை வைத்து மாறி மாறி எடுக்கும் முறையும் சேர்ந்து அதே ஆண்டு லினக்ஸ் 3.5இல் இடம்பெற்றது. தே தாரேக் கேட்டவருக்கு இரண்டு ரொட்டிக்கு நடுவே ஊற்றிக் கொடுத்துவிடுவது போலத்தான்.

என் ரௌட்டரிலும் இப்படி ஒரு வசதி இருந்தது, அதை நானேதான் முடுக்கிவிட்டிருந்தேன். பிறகு ஏன் இந்தக் கதி? ஒரு நள்ளிரவில் ரௌட்டர் தன் ஃபர்ம்வேரைத் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஃபர்ம்வேர் என்பது ரௌட்டருக்குள் நிரந்தரமாக இருந்து அதை இயக்கும் மென்பொருள். புதுப்பித்தபோது நான் வைத்திருந்த அமைப்பு பழைய நிலைக்குப் போய்விட்டது. ஒரு விளக்கும் எரியவில்லை, ஓர் அறிவிப்பும் இல்லை. வேறு விதமாகவும் நடப்பதுண்டு. பொட்டலங்களை விரைவாகக் கடத்தும் தனிச் சுற்றின் உதவி அணைந்து, எல்லா வேலையும் ரௌட்டரின் சிறிய செயலி தலையில் விழலாம். மறுதொடக்கத்தின்போது வைஃபை வேறு அலைவரிசைக்குத் தாவி, பக்கத்து வீட்டு வைஃபையோடு முட்டிக்கொள்ளலாம். அடுக்குமாடி வீடுகளில் இது சகஜம்.

எது உங்கள் சிக்கல் என்று அறிய ஒரு மாலை போதும். விண்டோஸ் கணினியில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடித் திறந்தால் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, முதலில் உங்கள் ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1. சில மில்லிவினாடிகளில் பதில் வர வேண்டும். இங்கேயே எண் தாறுமாறாகத் துள்ளினால் குற்றவாளி வைஃபை. கம்பி இணைப்பில் ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றுங்கள்.

அது சரியாக இருந்தால் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அனுப்புங்கள். வீட்டில் யாரும் எதுவும் செய்யாத நேரத்தில் ஒருமுறை, பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே ஒருமுறை. யாரும் இல்லாதபோதும் எண் பெரிதாக இருந்தால், நேரத்தோடு குறித்துவைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். பதிவேற்றும்போது மட்டும் எகிறினால், அதுதான் தேக்க வீக்கம். எனக்கு 6 மில்லிவினாடி 780 ஆனது. கறுப்புப் பெட்டி பயமாக இருந்தால், ஃபாஸ்ட்.காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் தட்டினாலும் சும்மா இருக்கும்போதும் சுமையோடும் உள்ள தாமதங்கள் தனித்தனியாகத் தெரியும்.

தீர்வு ரௌட்டர் பட்டியலில் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும். அதை முடுக்கி, பதிவேற்ற வேகத்தை நீங்கள் அளந்ததில் 90 விழுக்காடாகக் குறையுங்கள். நான் 10க்குப் பதில் 9 வைத்தேன். வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதா என்று என் கணவர் கேட்டார். அப்படிக் குறைத்தால்தான் வரிசை ஃபைபர் பெட்டியில் சேராமல் ரௌட்டரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும். அதற்குத்தான் ஆளுக்கொரு வரிசை வைக்கத் தெரியும். படங்கள் முடிய ஆறு நிமிடம் கூடுதலாகும். பிங் 15இல் நின்றது. வேகமான திட்டத்துக்கு மாதம் கூடுதல் பணம் கட்ட நினைத்திருந்தோம், அது மிச்சம்.

அடுத்த புதன்கிழமை படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். முன்பு நடந்ததற்கு ஆறு பேர் முன்னிலையிலும் மன்னிப்பும் கேட்டேன். பதில் தவறுதான், ஆனால் உடனே வந்தது.

இதைப் படித்துவிட்டு ஃபர்ம்வேர் புதுப்பித்தலையே அணைத்துவிடாதீர்கள். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 500,000 ரௌட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் தொற்றியிருந்தது. பழைய ஃபர்ம்வேரின் ஓட்டைகள் அப்படிப்பட்டவற்றுக்குத் திறந்த கதவு. புதுப்பிக்கும் முன் அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். முழு மீட்டமைப்புச் செய்வதானால் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும். பல யூனிஃபை இணைப்புகளில் விஎல்ஏஎன் எண் 500 என்று கேட்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இவையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அதன் கீழே ஒவ்வொரு புதுப்பித்தலின் தேதியும், மறுநாள் காலை அளந்த பிங் எண்ணும் இருக்கும்.