ஸ்டீமர் வந்தால் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வா?

பெங்களூர்த் தமிழர் வீடுகளுக்குள் புதிய சாமான் ஒன்று நுழைந்திருக்கிறது. கையில் பிடிக்கும் சிறு கூஜா அளவுதான் இருக்கும். தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகினால் ஓரிரு நிமிடத்தில் ஆவி வரும். ஹாங்கரில் தொங்கும் துணியின் மீது காட்டினால் சுருக்கம் மறையும். இதற்குப் பெயர் ஸ்டீமர்.

"இனி இஸ்திரியே வேண்டாம்" என்று சொல்லி இதை விற்கிறார்கள். அது உண்மைதானா? காசு மிச்சமாகுமா? தெருமுனையில் வண்டி போட்டுத் தேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் கதி என்ன?

எப்படி வேலை செய்கிறது?

துவைத்த துணியின் இழைகள் மடங்கிய நிலையிலேயே காய்ந்து இறுகிவிடுவதால்தான் சுருக்கம் விழுகிறது. சூடும் ஈரமும் பட்டால் அந்த இறுக்கம் தளரும். அப்போது இழுத்துப் பிடித்தால் துணி நேராகும். ஆறிய பிறகு அப்படியே நிற்கும்.

தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் துணிக்குக் கிடைக்கின்றன. ஸ்டீமரில் அழுத்தம் கிடையாது. சூட்டுக்கும் எல்லை உண்டு. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே இங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பருத்தித் துணிக்கு இஸ்திரிப் பெட்டியோ 200 டிகிரி வரை சூடாகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எந்தத் துணிக்கு எது?

பாலியஸ்டர் இழை 80 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே பாலியஸ்டர் சேலை, சுடிதார், கலப்புத் துணிச் சட்டை ஆகியவற்றுக்கு ஆவியே போதும். ஜார்ஜெட், ஷிபான், கம்பளி, மைசூர் சில்க் சேலைகளுக்கும் ஸ்டீமர் ஏற்றது. அதிகச் சூட்டில் பெட்டி பட்டுப் பளபளப்பேறும் தொல்லை இல்லை. பட்டுக்கு மட்டும் சற்றுத் தள்ளிப் பிடிக்கவேண்டும். நீர்த்துளி தெறித்தால் கறை விழும். ஜரிகையை உட்புறமாகத் திருப்பிக் காட்டுவது நல்லது.

கஞ்சி போட்ட வேட்டியை ஸ்டீமரிடம் கொடுத்தால் ஏமாற்றம்தான். ஆவி பட்டதும் கஞ்சியின் மொடமொடப்புப் போய் வேட்டி தொளதொளத்துவிடும். பருத்திச் சட்டையின் காலர், பள்ளிச் சீருடைப் பாவாடையின் மடிப்பு, பேண்ட்டின் நேர்க்கோடு ஆகியவற்றுக்கு அழுத்தம் கட்டாயம் வேண்டும். அங்கே பெட்டிதான் ராஜா.

செலவு எவ்வளவு?

1,500 வாட் ஸ்டீமர் 10 நிமிடம் ஓடினால் கால் யூனிட் மின்சாரம் ஆகும். அந்த நேரத்தில் இரண்டு மூன்று துணிகள் முடியும். வண்டியில் ஒரு துணிக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 துணி போட்டால் 1,000 ரூபாய். அதில் பாதியை வீட்டிலேயே முடித்தால் 500 ரூபாய் மிச்சம். ஆனால் குவியலாகக் கிடக்கும் துணிக்கு ஸ்டீமர் உதவாது. அடிக்கடி தண்ணீர் ஊற்றவேண்டும். கையும் வலிக்கும். அவசரமாக ஒன்றிரண்டு துணிக்குத்தான் அது சரி.

கவனம் தேவை

ஆவி சுட்டால் கொதிநீரைவிட மோசம். தோலில் பட்டு நீராகும்போது தன்னிடமுள்ள வெப்பம் முழுவதையும் கொட்டிவிடும். உடுத்திய துணி மீது ஒருபோதும் காட்டக்கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கலாகாது.

1,500 வாட் கருவி 6 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். சிறிய பிளக் பாயிண்ட் சூடேறிக் கருகலாம். கீசருக்கு இருப்பது போன்ற 16 ஆம்பியர் பாயிண்ட்டே பாதுகாப்பு.

போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து துவாரம் அடைத்துக்கொள்ளும். காய்ச்சி ஆற வைத்து வடிகட்டிய தண்ணீர் ஓரளவு நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது.

வண்டிக்காரர் கதி?

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு 1882-ல் நியூயார்க்கில் ஹென்றி சீலி காப்புரிமை பெற்றார். சிவசமுத்திரம் மின்சாரம் 1905-ல் பெங்களூருக்கு வெளிச்சம் தந்தது. ஆனாலும் இந்நகரின் தெருக்களில் கரிப்பெட்டி மறையவில்லை. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு மின் இணைப்புக் கிடையாது என்பது ஒரு காரணம். அதே காரணத்தால் ஸ்டீமரை அவர்கள் வாங்கித் தொழில் செய்யவும் முடியாது.

ஆறேழு கிலோ பெட்டியைக் காலை முதல் இரவு வரை தள்ளுபவர்கள் இவர்கள். பிழைப்புக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பங்களும் இத்தொழிலில் இருக்கின்றன. 2020-ல் ஊரடங்கால் அலுவலகங்கள் மூடியபோது துணி வரத்து நின்று தவித்தார்கள். கரிப்புகையிலிருந்து இவர்களை மீட்க வழியும் தேடப்படுகிறது. சில வண்டிகளில் கியாஸ் பெட்டி வந்துவிட்டது. சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார்.

ஸ்டீமர் வாங்குவோர் வண்டிக்குத் துணி போடுவதை அடியோடு நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. பட்டும் பாலியஸ்டரும் வீட்டில் ஆவிக்குப் போகட்டும். வேட்டி, பருத்திச் சட்டை, பிள்ளைகளின் சீருடை ஆகியவை வண்டிக்குப் போகட்டும். துணியும் கெடாது, வீட்டுச் செலவும் குறையும், தெருமுனை அடுப்பில் உலையும் கொதிக்கும்.