பாதிக்குப் பாதி என்பது போதாது

ஒரு கியூபிட்டை, அதாவது குவாண்டம் பிட்டை, 0, 1 இரண்டும் சரிபாதி கலந்த நிலையில் தயார் செய்திருப்பதாக ஒருவர் சொல்கிறார். எப்படிச் சோதிப்பது? 1000 முறை தயார் செய்து அளந்தால் ஏறக்குறைய 500 முறை 0 வரும், மீதி 1. ஆனால் அவர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் 0, தலை விழுந்தால் 1 என்று வைத்துக் கொடுத்திருந்தாலும் கணக்கு இதேதான். முதலாவதில் குவாண்டம் ஒத்திசைவு உண்டு, இரண்டாவதில் இல்லை. நேராக அளந்தால் இந்த வேறுபாடு பிடிபடாது.

அளப்பதற்கு முன் கியூபிட்டைத் திருப்ப வேண்டும். மூலக்கூறு கற்றைகளுக்காக நார்மன் ராம்சே 1949இல் கண்டுபிடித்த முறை இது. இதற்காக 1989இல் நோபல் பரிசு பெற்றார். சீசியம் அணுக்கடிகாரம் இன்றும் இதை நம்பித்தான் ஓடுகிறது.

0 நிலையில் உள்ள கியூபிட்டுக்கு ஒரு மைக்ரோவேவ் துடிப்பு கொடுத்துக் கால் சுற்று திருப்புகிறார்கள். அதுதான் சரிபாதி நிலை. உடனே அதே துடிப்பை மறுபடி கொடுத்தால் இரண்டு கால் சுற்றும் சேர்ந்து அரைச்சுற்று ஆகி, ஒவ்வொரு முறையும் 1 வரும். நாணயக் கலவைக்கு அந்த இரண்டாம் துடிப்பைக் கொடுத்துப் பாருங்கள், மறுபடியும் பாதிக்குப் பாதிதான். குட்டு உடைந்துவிடுகிறது.

துடிப்பின் அதிர்வெண்ணைச் சற்றே விலக்கி வைத்து, இரண்டு துடிப்புக்கும் நடுவே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 1 வரும் வாய்ப்பு அலைபோல ஏறி இறங்கும். அலையின் வீச்சே மிஞ்சியிருக்கும் ஒத்திசைவின் அளவு. அது தேயத் தேய ஒத்திசைவும் போகிறது. 1999இல் ஜப்பானில் நகமுரா குழுவினர் செய்த மீக்கடத்துக் கியூபிட்டில் ஒத்திசைவு சில நானோ விநாடிகளே நீடித்தது. இப்போது நூற்றுக்கணக்கான மைக்ரோ விநாடி சர்வசாதாரணம்.

கணிதத்தில் ஒத்திசைவு, கியூபிட்டின் நிலையை விவரிக்கும் அடர்த்தி அணியின் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களில் இருக்கிறது. அவற்றின் அளவுகளைக் கூட்டினாலே ஒத்திசைவுக்கு முறையான அளவுகோல் கிடைக்கும் என்று பாம்கிராட்ஸ், கிராமர், பிளெனியோ மூவரும் 2014இல் காட்டினார்கள். 10 கியூபிட்டுக்கு முழு அணியையும் அறிய 10,48,575 எண்கள் வேண்டும்; அது பெரும்பாடு. அதனால் ‘சாட்சி’ அளவீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒத்திசைவற்ற எந்த நிலைக்கும் அதன் சராசரி பூஜ்யம். வேறு எண் வந்தால் ஒத்திசைவு உறுதி.

பூஜ்யம் வந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. ஒரு கியூபிட்டுக்கு இப்படிச் சாட்சியாக அளக்கக்கூடிய திசைகள் X, Y என இரண்டு; X திசையில் பூஜ்யம் காட்டும் கியூபிட், Y திசையில் முழு ஒத்திசைவோடு இருக்கலாம். இரண்டையும் அளந்த பிறகே இல்லை என்று சொல்லுங்கள்.