இலையுதிர் காலத் தொடக்கத்தில் காட்டுத்தட ஓட்டம்

காட்டுத்தட ஓட்டம் என்பது தார்ச்சாலையையும் மைதானத்தையும் விட்டு, காட்டிலும் மலையிலும் உள்ள மண் பாதைகளில் ஓடுவதாகும். ஆங்கிலத்தில் இதனை டிரெயில் ரன்னிங் என்பர். பாதையில் வேர், கல், சேறு, ஓடை, ஏற்றம், இறக்கம் எல்லாம் இருக்கும். ஓடுவதும் நடப்பதும் நின்று பார்ப்பதும் இதில் கலந்தே வரும். செங்குத்தான ஏற்றத்தில் போட்டி வீரர்களும் நடந்துதான் ஏறுகிறார்கள். அதனால் நடப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

குளிர்நாடுகளில் இந்த ஓட்டத்துக்கு மிகவும் விரும்பப்படும் பருவம் இலையுதிர் காலத்தின் தொடக்கம், அதாவது செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. கோடையின் புழுக்கமும் கொசுவும் குறைந்திருக்கும். பனி இன்னும் விழத் தொடங்கியிருக்காது. இக்கட்டுரை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மெய்ன், நியூ ஹாம்ப்சயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், கனெடிகட், ரோட் ஐலண்ட் ஆகிய ஆறு மாநிலங்கள் இதில் அடங்கும்.

வரலாறு

காட்டு வழியே ஓடுவது மனிதனுக்குப் புதிதன்று. அதைப் போட்டியாக வைத்ததுதான் புதிது. அமெரிக்காவின் மிகப் பழைய தடவோட்டப் போட்டியாகச் சொல்லப்படுவது கலிபோர்னியாவின் டிப்சி ஓட்டம். 1905இல் தொடங்கிய இது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுடையது. 1974இல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவர், குதிரைகளுக்காக நடத்தப்பட்ட 100 மைல் போட்டியில் குதிரை இல்லாமல் தாமே ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்தார். இன்றைய நூறு மைல் ஓட்டங்களுக்கு அதுவே வழிகாட்டியாக அமைந்தது.

நியூ இங்கிலாந்தின் காட்டுப் பாதைகளுள் புகழ்பெற்றது அப்பலாச்சியன் தடம். பென்டன் மெக்காய் 1921இல் இதற்கான கருத்தை முன்வைத்தார். 1937இல் பாதை முழுமை பெற்றது. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலைக்கும் மெய்னின் கட்டாடின் மலைக்கும் இடையே 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் இப்பாதை, ரோட் ஐலண்ட் தவிர்த்த ஐந்து நியூ இங்கிலாந்து மாநிலங்களையும் கடக்கிறது. தடம் முழுவதையும் 2024இல் தாரா டவர் என்ற ஓட்டக்காரர் வடக்கிலிருந்து தெற்காக 40 நாள் 18 மணி நேரத்தில் கடந்து, ஆண் பெண் இரு பாலரிலும் அதுவரை எவரும் எட்டாத வேகத்தைப் பதிவு செய்தார். நாளொன்றுக்குச் சராசரியாக 85 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவர் ஓட்டத்தை முடித்தது செப்டம்பர் 21ஆம் நாள்.

எனக்கு இவரைவிட எம்மா கேட்வுட் என்ற மூதாட்டியைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். அவர் ஓடவில்லை, நடந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 67ஆம் வயதில், கையால் தைத்த ஒரு துணிப்பையும் சாதாரணக் கான்வாஸ் காலணியுமாக அப்பலாச்சியன் தடம் முழுவதையும் தனியாக நடந்து, 1955 செப்டம்பர் 25 அன்று கட்டாடின் உச்சியை அடைந்தார். விலை உயர்ந்த காலணி இருந்தால்தான் காட்டுக்குப் போக முடியும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லும் செய்தி இதுவே.

இலை ஏன் நிறம் மாறுகிறது

இப்பருவத்தில் காட்டுக்குச் செல்பவர்களில் பலர் இலைகளின் நிறத்தைப் பார்க்கவே செல்கிறார்கள். குளிர் பட்டதால் இலை செத்து நிறம் மாறுகிறது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. மரம் நாளின் நீளத்தை உணர்கிறது. பகல் குறையத் தொடங்கியதும் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து, புரதங்களில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிப்பு அடுக்கு உருவாகி, கடைசியில் இலை அங்கே கழன்று விழுகிறது. வீட்டைக் காலி செய்பவர் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு வெறும் சுவரை விட்டுச் செல்வது போன்ற வேலை இது.

பச்சையம் நீங்கியதும் ஏற்கெனவே உள்ளே இருந்த கரோட்டினாய்டுகள் வெளியே தெரிகின்றன. பிர்ச் மரத்தின் மஞ்சள் நிறம் இவ்வாறு வருவது. சிவப்பின் கதை வேறு. அதைத் தரும் ஆந்தோசயனின் கோடையில் இலையில் இருப்பதில்லை. இலையுதிர் காலத்தில், இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாக்கப்படுகிறது. வெயில் நன்கு அடிக்கும் பகலும், உறைநிலைக்குப் போகாத குளிர்ந்த இரவும் அடுத்தடுத்து வந்தால் சிவப்பு மிகுதியாகும். மேகமூட்டமான ஆண்டில் மஞ்சள் மட்டும் நன்றாக இருந்து சிவப்பு மங்கிவிடும். சதுப்பு நிலத்துச் சிவப்பு மேப்பிள் முதலில் நிறம் மாறும். சர்க்கரை மேப்பிள் பின்னர் வரும். நியூ ஹாம்ப்சயரின் வட பகுதியில் அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி நிறம் உச்சத்தை எட்டுகிறது. தெற்கே கடலோரத்தில் இது மேலும் இரண்டு மூன்று வாரம் தள்ளி நடக்கும்.

நம் ஊரிலும் தேக்கு போன்ற மரங்கள் இலையை முழுதும் உதிர்க்கின்றன. ஆனால் அது மழைக்குப் பின்வரும் வறண்ட மாதங்களில், நீரைச் சேமிப்பதற்காக நடப்பது. காரணம் வேறு, மாதமும் வேறு. பாடநூலில் இரண்டுக்கும் இலையுதிர்ப்பு என்ற ஒரே சொல் வருவதால் மாணவர்கள் குழம்புவதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பகல் சுருங்குதல்

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. பொழுது எப்போது சாயும் என்பதை நாம் கடிகாரம் பார்க்காமலே அறிவோம். நியூ ஹாம்ப்சயரின் வெள்ளை மலைகள் 44 பாகை வடக்கில் உள்ளன. அங்கே அந்த வேறுபாடு ஆறரை மணி நேரத்துக்கும் மேல். அந்த மாற்றம் மிக வேகமாக நடப்பது சமபகலிரவு நாளான செப்டம்பர் 22 அல்லது 23ஐ ஒட்டித்தான். அப்போது நாளொன்றுக்குச் சுமார் மூன்று நிமிடப் பகல் குறைகிறது. பத்து நாளில் அரை மணி நேரம்! செப்டம்பர் 22இல் மாலை 6.40 அளவில் மறையும் சூரியன் அக்டோபர் 12இல் 6.05க்கே மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் இருள் இன்னும் முன்னதாகக் கவியும்.

மகள் வீட்டுக்குச் சென்றிருந்த ஒரு செப்டம்பர் இறுதியில், வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலு கிலோமீட்டர்ப் பாதைதானே என்று ஐந்தரை மணிக்குத் தனியே கிளம்பினேன். பாதி வழியில் தரை தெரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தபோது மகள் கைவிளக்குடன் பாதையின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாணவர்களை நேரம் தவறாமல் வரச் சொல்லியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான்.

நேரத்தைக் கணக்கிட ஓர் எளிய விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்தது. நடப்பதற்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். தொலைவுக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி. ஆக 3 மணி 24 நிமிடம். அக்டோபர் 12 அன்று மூன்று மணிக்குக் கிளம்பினால் திரும்புவது 6.24க்கு, அதாவது சூரியன் மறைந்த பிறகு. நான் ஓடுகிறவன், பாதி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று வாதிடலாம். கணுக்கால் பிசகினால் மிச்ச வழியை நடந்துதான் வர வேண்டும். ஆகையால் ஓடுகிறவரும் நடைக் கணக்கையே போட்டு வைப்பது நல்லது. தலையில் மாட்டும் சிறு விளக்கு ஒன்றைப் பகலிலேயே பையில் வைத்திருக்க வேண்டும்.

தரையும் உடையும்

உதிர்ந்த இலை பார்க்க அழகு, மிதிக்க ஆபத்து. அதற்கு அடியில் வேர் இருக்கிறதா, கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று தெரியாது. மழை பெய்திருந்தால் இலைக்கும் பாறைக்கும் இடையே நீர்ப்படலம் நின்று சோப்புப் போல வழுக்கும். ஈரமான மரவேர் ஈரமான பாறையைவிட மோசம். முடிந்தவரை வேரை மிதிக்காமல் தாண்ட வேண்டும். அடிகளைச் சிறிதாக வைத்து, பாதத்தைச் சற்று உயர்த்தி எடுத்து, காலடியைப் பார்க்காமல் மூன்று நான்கு அடி முன்னால் பார்த்து ஓடுவது பழக்கமாக வேண்டும். இறக்கத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் முதலில் ஊன்றி வழுக்கிவிடும். உடல் சற்று முன்னால் இருப்பதே பாதுகாப்பு. அடியில் ஆழமான பற்கள் கொண்ட காலணி சேற்றில் உதவும்.

உயரம் கூடக் கூட வெப்பநிலை 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியசு குறையும். வெள்ளை மலைகளில் மிக உயர்ந்த வாஷிங்டன் சிகரம் 1,917 மீட்டர்தான், தொட்டபெட்டாவைவிடக் குட்டை. ஆனால் 1934 ஏப்ரலில் அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று அளவிடப்பட்டது. அடிவாரத்தில் மேப்பிள் சிவந்து நிற்கும் அதே நாளில் உச்சியில் பனி பெய்வதுண்டு. ஓடும்போது வியர்த்து, நின்றதும் காற்றில் குளிர்ந்து, உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. நடுக்கம், நாக்குழறல், சிந்தனைக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நம்மவர்க்குப் பிடித்த பருத்தி உடை இங்கே பகை. அது வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை உடையும், காற்றைத் தடுக்கும் ஒரு மெல்லிய மேற்சட்டையும் வேண்டும்.

வழி தவறுதல்

அப்பலாச்சியன் தடத்தை மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகள் காட்டுகின்றன. ஒவ்வொன்றும் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் முன்னே திருப்பம் உண்டு, கவனி என்று பொருள். பிரிந்து செல்லும் கிளைப் பாதைகளுக்கு நீலப் பட்டை. மரங்கள் வளராத உயரத்தில் கற்குவியல்களே அடையாளம். இலை விழுந்த பிறகு பாதைக்கும் காட்டுத்தரைக்கும் வேறுபாடு தெரியாமல் போவதால், அப்போது இந்தப் பட்டைகளே துணை. வெள்ளை பிர்ச் மரங்கள் நிறைந்த இடத்தில் வெள்ளைப் பட்டை எளிதில் கண்ணில் படாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறிது தூரம் பட்டை எதுவும் தென்படாவிட்டால் முன்னே போகாமல், கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பிவிட வேண்டும்.

2013 கோடையில் மெய்ன் மாநிலத்தில், அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இயற்கை அழைப்புக்காகத் தடத்தை விட்டுச் சிறிது விலகினார். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் அலைவரிசை இன்றிப் போய்ச் சேரவில்லை. பெரும் தேடுதல் நடந்தும் பயனில்லை. 2015 அக்டோபரில் அவருடைய உடலும் கூடாரமும் கிடைத்தன. தடத்திலிருந்து ஒரு மைல் தொலைவுகூட இல்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து, வழி தவறிய பின் மூன்று வாரங்களுக்கும் மேல் அவர் உயிரோடு இருந்தது தெரியவந்தது. அவர் அனுபவமற்றவர் அல்லர். அதற்குமுன் பல நூறு மைல் நடந்தவர். தடத்தை விட்டு விலகும்போது பையைத் தடத்தின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் அது தெரியும் தூரம்வரை மட்டும் செல்வது எளிய முன்னெச்சரிக்கை. வழி தவறியது உறுதியானால் அலையாமல் ஓரிடத்தில் இருந்து, ஊதலை மும்மூன்று முறை ஊத வேண்டும். அமெரிக்காவில் மூன்று ஊதல் ஆபத்துக்கான குறியீடு. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது.

நியூ ஹாம்ப்சயரில் அசட்டையாகச் சென்று மாட்டிக்கொள்பவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது.

காட்டின் மற்ற உயிர்கள்

கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் நாள் முழுதும் தின்றுகொண்டிருக்கும் பருவம் இது. பெரும்பாலும் மனிதச் சத்தம் கேட்டால் விலகிவிடும். மூஸ் எனப்படும் பெருமானுக்கு இது இணைசேரும் காலம். ஆண் மூஸைக் கண்டால் அருகே செல்லாமல் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகள் கோடை முடிவில் எண்ணிக்கை பெருகிச் சினத்துடன் இருக்கும்.

அளவில் சிறியதே பெரிய தொல்லை. கருங்கால் உண்ணியின் முழு வளர்ச்சியடைந்த பூச்சி எள் அளவுதான் இருக்கும். அக்டோபர், நவம்பரில் புல் நுனியில் காத்திருந்து உடையில் தொற்றிக்கொள்ளும். அது பரப்பும் நோய்க்கு, முதலில் கவனிக்கப்பட்ட கனெடிகட் ஊரின் பெயரால் லைம் நோய் என்று பெயர். நோய்க்கிருமி உடலில் இறங்க உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே அன்று மாலையே முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகிய இடங்களைச் சோதித்து, நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

மனிதரிடமும் எச்சரிக்கை வேண்டும். மான் வேட்டை செப்டம்பரில் வில் அம்புடன் தொடங்கி நவம்பரில் துப்பாக்கியுடன் உச்சத்தை எட்டுகிறது. மானின் நிறமாகிய பழுப்பையும், அதன் வாலடியின் நிறமாகிய வெள்ளையையும் தவிர்த்து, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிவது அங்குள்ள வழக்கம். கூட ஓடும் நாய்க்கும் ஆரஞ்சுத் துணி கட்டிவிடுவார்கள்.

அக்டோபர் இறுதிக்குள் வடக்குக் காடுகளில் பெரும்பாலான மரங்கள் மொட்டையாகிவிடும். இலை மறைத்திருந்த மலைகளும் ஏரிகளும் அப்போதுதான் பாதையிலிருந்து தெரியவரும். பீச் மரத்தின், குறிப்பாக இளமரத்தின், காய்ந்த இலைகள் மட்டும் காகிதம் போல வெளுத்து, பனி கொட்டும் மாதங்களிலும் கிளையிலேயே சலசலத்துக்கொண்டு, வசந்தத்தில் புதுத்தளிர் வரும்வரை தங்கியிருக்கும்.